தூளி முதல் குப்பை வண்டி வரை

ஓர் இல்லத்தில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதை அவ்வீட்டுக் கொடிக் கயிறே ஊருக்குச் சொல்லிவிடும் காலம் ஒன்றிருந்தது. அம்மாயியின் பழைய நூற்சேலையும் அப்பாருவின் பழைய வேட்டியும் சதுரம் சதுரமாகக் கிழிக்கப்பட்டு, காலையிலும் மாலையிலும் வெயிலில் வெள்ளைக் கொடிகளாய் ஆடிக்கொண்டிருக்கும். புதுத் துணி பிஞ்சுத் தோலை உறுத்தும். நூறு முறை துவைத்த துணியே பட்டுப்போல் படியும் என்பது நம் பாட்டிமார் அறிந்திருந்த பாடம்.

இன்று பல வீடுகளில் அந்தக் கொடிக் கயிறு வெறுமையாக இருக்கிறது. அதற்குப் பதிலாக அலமாரியில் ஒரு பெரிய பொட்டலம் அமர்ந்திருக்கிறது. திருமுழுக்கு விழாவுக்கு வருவோர் கூட, வெள்ளிக் கிண்ணத்தையும் பால் பொடி டப்பாவையும் விட்டுவிட்டு, அப்பொட்டலத்தையே பரிசாகக் கொணர்கின்றனர். ஒரு முறை அணிவித்து எறிந்துவிடும் அணையாடையையே குறிப்பிடுகிறோம். கடைத்தெரு வழக்கில் அது ‘டயாப்பர்’. ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயரையே பொருளின் பெயராக்கி ‘பேம்பர்ஸ்’ என்போரும் உளர்.

குழந்தையின் ஈரத் துணியைப் பற்றி ஒரு திங்களிதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். இருக்கிறது. இந்தச் சிறு ஆடைக்குள் வேதியியலும் நெசவியலும் பொருளியலும் அடங்கியுள்ளன. நம் வீட்டு வாசலைத் தாண்டியபின் அதனை யார் கை தொடுகிறது என்னும் கேள்வியும் அடங்கியுள்ளது. பஞ்சிலும் நூலிலும் வாழும் கோவை வட்டாரத்தார்க்கு இதில் சிறப்பான பங்கும் உண்டு. ஆகவே இதனைச் சற்று விரித்துக் காண்போம்.

பிஞ்சுத் தோல் கேட்பது

நல்ல அணையாடை எது என்று அறிய, முதலில் குழந்தையின் தோல் என்ன கேட்கிறது என்று அறிதல் வேண்டும். கைக்குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும். பிறந்த சில வாரங்களில் அதனினும் மிகுதியாகக் கழிக்கும். ஈரம் நெடுநேரம் தங்கினால் தோலின் மேற்புறம் ஊறித் தளர்ந்துவிடுகிறது. ஊறிய தோல் சிறு உராய்வையும் தாங்குவதில்லை. சிறுநீருடன் மலமும் கலந்துவிட்டால் துன்பம் இரட்டிக்கிறது. சிறுநீரில் உள்ள யூரியா, மலத்திலுள்ள நுண்ணுயிர்களின் நொதிகளால் சிதைந்து அம்மோனியாவாகிறது. தோலுக்கு இயற்கை அளித்துள்ள மெல்லிய புளிப்புத் தன்மை இதனால் குன்றுகிறது. அந்நிலையில் மலத்திலுள்ள செரிமான நொதிகள் வலுப்பெற்றுத் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. அரையிடுக்கில் செந்தடிப்பாகத் தோன்றுவது இதன் விளைவே.

ஆகவே தோல் கேட்பவை நான்கு: ஈரம் உடனே அகலவேண்டும், அகன்ற ஈரம் திரும்பி வரலாகாது, காற்றுப் புகவேண்டும், மலம் பட்ட ஆடை தாமதமின்றி மாற்றப்படவேண்டும். முதல் மூன்றும் ஆடையை வடிவமைப்பவரின் கடமை. நான்காவது தாயின் கடமை, தந்தையின் கடமை, அருகிலிருக்கும் எவரின் கடமையும் ஆகும். எத்துணைச் சிறந்த ஆடையும் இந்த நான்காவதைச் செய்துவிடாது.

டாலஸ் நகரத்து வெயில்

இந்த ஆடை ஒரே நாளில் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்த மேரியன் டோனவன் என்னும் தாய், தம் குழந்தையின் படுக்கை நாளும் நனைவதைக் கண்டு சலித்து, 1946-ஆம் ஆண்டு குளியலறைத் திரையைக் கத்தரித்துத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். நீர் புகாத மேலுறை ஒன்று பிறந்தது. உள்ளே துணியை மடித்து வைக்கலாம். துணி நனைந்தாலும் படுக்கை நனையாது. கொக்கி ஊசி குத்தும் அச்சத்தை நீக்க, அழுத்திப் பூட்டும் பொத்தான்களையும் அவர் பொருத்தினார். 1949-இல் நியூயார்க் நகரின் பெருங்கடை ஒன்றில் அது விற்பனைக்கு வந்தது. 1951-இல் காப்புரிமையும் கிடைத்தது. அடுத்து, உறிஞ்சும் தாளால் ஆன, எறிந்துவிடத்தக்க ஆடையையும் அவர் உருவாக்க முயன்றார். ஆனால் அதில் அக்கறை காட்டும் உற்பத்தியாளர் எவரும் அப்போது அவருக்குக் கிட்டவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின், பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் வேதிப் பொறியாளர் விக்டர் மில்ஸ் அதே வேலையைக் கையிலெடுத்தார். அவரும் பேரக்குழந்தையின் துணியை மாற்றிச் சலித்த தாத்தாவே. அவருடைய குழுவினர் செய்த முதல் மாதிரி, நெகிழிக் காற்சட்டையினுள் மடிப்பு மடிப்பான பஞ்சணை வைத்தது. அதனை டெக்சஸ் மாநிலத்து டாலஸ் நகரில் கொடுத்துப் பார்த்தனர். கோடை வெயில், குளிர்சாதனம் இல்லாத வீடுகள். நெகிழிக்குள் வெந்த குழந்தைகளின் தோலெல்லாம் வேர்க்குரு பொரிந்தது. ஆய்வகத்தில் தேறிய ஆடை, வெயிலில் தோற்றது.

அவர்கள் முயற்சியைக் கைவிடவில்லை. மாதிரியை மாற்றி, 1959-இல் ரோச்செஸ்டர் நகரில் மீண்டும் சோதித்தனர். அச்சோதனைக்கென 37,000 ஆடைகள் கையாலேயே ஒட்டிச் சேர்க்கப்பட்டன. தாய்மார் பெரும்பாலோர் துணிக்கு நிகர் அல்லது துணியினும் மேல் என்றனர். ஆனால் 1961-இல் பியோரியா நகரில் ஒன்று பத்து சென்ட் விலைக்கு விற்றபோது வாங்குவோர் குறைவாகவே இருந்தனர். பொருளில் குறையில்லை, விலையே தடையாய் நின்றது. இயந்திரங்களைத் திருத்தி, விலையை ஆறு சென்ட் அளவுக்குக் குறைத்த பின்னரே அது வீடுகளுக்குள் புகுந்தது.

இவ்வரலாற்றில் நமக்கு இரு பாடங்கள் உள. குளிர் நாட்டுக்கென வடித்த ஆடை வெயில் நாட்டுக் குழந்தைக்குத் தானாகப் பொருந்திவிடாது. பங்குனி, சித்திரை மாத உச்சிவெயிலில் ஈரோட்டிலும் கரூரிலும் தூளியில் கிடக்கும் குழந்தைக்கு ஏற்றதை, அவ்வெயிலிலேயே சோதித்து அறிதல் வேண்டும். இரண்டாவது பாடம், ஏழை வீட்டுக்கு எட்டாத பொருள் இன்னும் முழுமை பெறாத பொருளே என்பதாகும்.

விலையை நம் கணக்கிலும் பார்த்துவிடுவோம். நாளுக்கு ஆறு வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு 4,380 ஆடைகள் ஆகும். ஒன்று பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 43,800 ரூபாய். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று. இதனால்தான் சில வீடுகளில், மாற்றவேண்டிய ஆடையை ‘இன்னும் சற்று நேரம் தாங்கும்’ என்று விட்டுவைக்கிறார்கள். தாய்க்கு அக்கறையில்லை என்பதன்று. விலை அவள் கையைத் தடுக்கிறது. துன்பம் என்னவோ குழந்தையின் தோலுக்கே.

உப்பிட்ட நீரில் தெரியும் உண்மை

இன்றைய ஆடையைப் பிரித்துப் பார்த்தால் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். தோலைத் தொடும் மேற்படலம் நெய்யாத துணி. நீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே விட்டுவிடும். அதன் கீழ் ஈரத்தைப் பரப்பிவிடும் அடுக்கு. நடுவே மரக்கூழ்ப் பஞ்சும், அதனூடே கற்கண்டுப் பொடி போன்ற ஒரு மணிப்பொடியும். அடியில் நீர் கசியாத மெல்லிய நெகிழிப் படலம்.

வியப்புக்குரியது அம்மணிப்பொடியே. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வகம் ஒன்றில், மாவுப் பொருளோடு வேதிப் பொருளை இணைத்து, வயல் மண்ணில் ஈரத்தைக் காக்கும் நோக்குடன் இத்தகைய பொருள் உருவாக்கப்பட்டது. அந்த ஆய்வகம் இருந்ததும் மேலே சொன்ன பியோரியா நகரிலேயே. பின்னர் வேறு வகையில் செய்யப்பட்ட இப்பொடி 1980-களில் அணையாடைக்குள் இடம்பெற்றது. தன் எடையைப் போல் சில நூறு மடங்கு தூய நீரை இது குடித்துக் கூழாகிவிடும். பஞ்சு நீரைத் தன் இழைகளுக்கிடையே தாங்குவதால், பிழிந்தால் விட்டுவிடும். பொடியோ நீரைத் தனக்குள்ளேயே கட்டிக்கொள்வதால், குழந்தை உட்கார்ந்து அழுத்தினாலும் எளிதில் விடாது. ஆடை இவ்வளவு மெல்லியதாகியதன் காரணமும் இதுவே.

ஆயினும் இங்கே ஓர் நுட்பம் உள்ளது. உப்பு கலந்த நீரில் இப்பொடியின் ஆற்றல் பெரிதும் குன்றிச் சில பத்து மடங்கோடு நின்றுவிடுகிறது. சிறுநீர் உப்புநீர் அன்றோ! ஆதலால் வெறும் குழாய்நீரை ஊற்றிக் காட்டும் கண்காட்சியை நம்பிப் பயனில்லை.

வீட்டிலேயே இதனைச் சோதிக்கலாம். ஒரு லிட்டர் நீரில் ஒன்பது கிராம் உப்பை, அஃதாவது ஒன்றரைத் தேக்கரண்டி அளவைக் கரைத்துக்கொள்க. இரண்டு வகை ஆடைகளையும், நான்காக மடித்த பழைய வேட்டித் துணி ஒன்றையும் மேசையில் விரித்திடுக. ஒவ்வொன்றின் நடுவிலும் 60 மில்லி லிட்டர் உப்புநீரை ஊற்றி, அது உள்ளே இறங்க எத்தனை நொடிகள் ஆகின்றன என்று எண்ணுக. பத்து நிமிட இடைவெளியில் மும்முறை இவ்வாறே செய்க. பின்னர் உலர்ந்த மென்தாளை நான்காக மடித்து அதன்மேல் வைத்து, ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை இரண்டு நிமிடம் ஏற்றி வைத்திடுக. தாளை எடுத்துத் தொட்டுப் பார்த்தால், ஈரத்தைத் திருப்பித் தருவது எது, தராதது எது என்பது விளங்கிவிடும். வேட்டித் துணி நீரை ஏற்றுக்கொள்ளும். ஆனால் தாளையும் நனைத்துவிடும். அதனாலேயே துணி கட்டிய காலத்துத் தாய்மார் நனைந்தவுடன் மாற்றினர். நீர் இறங்கும் விரைவு, ஈரம் திரும்பும் அளவு என்னும் இவ்விரண்டையும் ஆய்வகங்களிலும் இதே முறையில், கருவிகளால் நுட்பமாக அளக்கின்றனர். சோதித்தபின் அந்தக் கூழைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துதல் நலம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனமும் குழந்தைகளுக்கான அணையாடைக்கென 2021-இல் ஐ.எஸ். 17509 என்னும் தரநிலையை வெளியிட்டுள்ளது. அரிசிக்கும் எண்ணெய்க்கும் முத்திரை பார்த்து வாங்கும் நாம், குழந்தையின் தோலோடு இரவெல்லாம் இருக்கும் பொருளுக்கும் பார்க்கலாம்.

கோவையில் நிகழ்ந்த ஒரு முயற்சி

உறிஞ்சும் பொருளைப் பெருநிறுவனங்களே செய்ய இயலும் என்னும் எண்ணத்தை மாற்றியவர் நம் கோவை மண்ணிலேயே தோன்றினார். கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகன் அருணாசலம் முருகானந்தம். தந்தையை விபத்தில் இழந்து, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, பட்டறை வேலைக்குச் சென்றவர். 1998-இல் சாந்தி என்னும் பெண்ணை மணந்தார். மாதவிலக்கு நாட்களில் தம் மனைவி கந்தல் துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். கடை அணையாடை வாங்கினால் வீட்டுப் பால் செலவில் கை வைக்க நேரும் என்பது மனைவியின் விடை.

மலிவாக நாமே செய்யலாம் என்று துணிந்து, பஞ்சை எடுத்துத் தைத்துக் கொடுத்தார். பயன்படவில்லை என்று மனைவி சொன்னார். பஞ்சாலை நகரில் பிறந்தவர் பஞ்சையே நம்பியதில் வியப்பில்லை. ஆனால் கடையில் விற்பதன் உள்ளே இருந்தது மரக்கூழிலிருந்து எடுத்த இழை. இந்த ஒன்றைக் கண்டறியவே அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

சோதனை அதனினும் கடினமாயிருந்தது. மருத்துவக் கல்லூரி மாணவியர் சிலரிடம் கொடுத்துக் கருத்துத் தாள்களை நிரப்பித் தருமாறு வேண்டினார். ஓரிருவர் அமர்ந்து அனைவருக்குமாகத் தாளை நிரப்புவதைக் கண்டதும், அவ்விடைகள் பயனற்றவை என்று உணர்ந்தார். இறுதியில் காற்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தம் உடலிலேயே கட்டிக்கொண்டு நடந்தும் மிதிவண்டி ஓட்டியும் பார்த்தார். ஊரார் அவரைப் பித்தர் என்றனர். மனைவி பிரிந்து சென்றார். தாயும் வீட்டைவிட்டு அகன்றார். ஓர் எளிய கேள்விக்கு விடை தேடிய மனிதர் கொடுத்த விலை அது.

அவர் பின்வாங்கவில்லை. மூன்றரைக் கோடி ரூபாய் விலையுள்ள இயந்திரம் செய்யும் வேலையை, 65,000 ரூபாய்க்கு அடங்கும் சிறு இயந்திரங்களாகப் பிரித்து வடித்தார். மரக்கூழ் அட்டையைப் பஞ்சாக அரைத்தல், அச்சில் இட்டு அழுத்துதல், நெய்யாத துணியால் மூடி ஒட்டுதல், புற ஊதாக் கதிரால் தூய்மை செய்தல் என நான்கே படிகள். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத பெண்ணும் சில மணி நேரத்தில் கற்கத்தக்கவை. 2006-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் இதனைக் காட்டினார். தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் விருதும் வந்தது. 2014-இல் அமெரிக்காவின் டைம் இதழ் உலகில் செல்வாக்குள்ள நூறு பேரின் பட்டியலில் அவரைச் சேர்த்தது. 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிரிந்த மனைவியும் பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தார். பெருஞ்செல்வர் ஒருவருக்கு உரிமையை விற்றுவிடாமல், இயந்திரத்தைப் பெண்களின் சுய உதவிக் குழுக்களிடம் சேர்த்ததே அவர் செய்தவற்றுள் சிறந்தது என்பது நம் எண்ணம்.

பெண்களுக்கான அணையாடைக்கும் குழந்தைக்கான அணையாடைக்கும் அடிப்படை ஒன்றே. ஆனால் இரண்டாவது கடினமானது. தாங்கவேண்டிய நீர் பன்மடங்கு மிகுதி; தவழும் காலின் அசைவு இடைவிடாதது; பெருநிறுவன இயந்திரங்களோ நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கில் செய்து தள்ளுகின்றன. அவ்வேகத்தோடு சிறு குழு போட்டியிட இயலாது. வேறு வழியைத்தான் தேடவேண்டும்.

நம் ஊரின் கையிருப்பு

தேடுவதற்குத் தக்க இடம் நம் கொங்கு நாடே. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய ஆலையிலிருந்து கணக்கிட்டால், கோவை பஞ்சைக் கையாளத் தொடங்கி 130 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவிநாசி சாலையில் 1956-இல் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், நாம் ‘சிட்ரா’ என அழைப்பது, மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையமாக நடுவண் ஜவுளி அமைச்சகத்தால் அமைக்கப்பட்டது. நூலாலைகளில் பஞ்சைச் சீவும்போது கழியும் குட்டை இழைகள் மருத்துவப் பஞ்சாக மாறுகின்றன. திருப்பூர்ப் பனியன் துணியின் மென்மையும் நீட்சியும் குழந்தையின் இடுப்புக்கும் தொடைக்கும் ஏற்றவை.

ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் அறிந்த ஒரு செய்தியும் இங்கே உதவும். செடியிலிருந்து பறித்த பஞ்சை நீரில் இட்டால் மிதக்கும். அதன்மேல் இயற்கையான மெழுகு உள்ளது. காரநீரில் வேகவைத்து மெழுகை நீக்கிய பின்னரே அது நீரைக் குடிக்கும். கடையில் வாங்கிய புதுத் துணி ஈரத்தை ஏற்காததற்கும், பலமுறை துவைத்த துணி நன்கு ஏற்பதற்கும் காரணம் இப்போது விளங்கும். பாட்டியின் பழஞ்சேலையில் இருந்ததும் இந்த அறிவியலே.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இரு பகுதியாக அமைந்த ஆடை ஒன்று நம் ஊருக்குப் பொருந்தும் எனத் தோன்றுகிறது. வெளியுறை பனியன் துணியாலானது. நீர் கசியாவண்ணம் மெல்லிய பூச்சிட்டது. துவைத்துப் பலநூறு முறை பயன்படுத்தத்தக்கது. உள்ளே வைக்கும் பட்டை மட்டும் மாறும்: பகலில் பருத்தித் துணிப் பட்டை, இரவிலும் பயணத்திலும் எறிந்துவிடத்தக்க மெல்லிய பட்டை. எறிவது சிறிதாவதால் செலவும் குறையும், குப்பையும் குறையும். மேரியன் டோனவன் குளியலறைத் திரையில் தொடங்கிய இடத்துக்கே இது நம்மைத் திருப்பி அழைத்துச் செல்கிறது. இத்தகைய ஆடைகள் பிற இடங்களில் விற்பனையில் உள்ளன. நம் வெயிலுக்கும் நம் விலைக்கும் ஏற்ப அவற்றைத் திருத்துவதே எஞ்சியுள்ள வேலை.

துணியே எப்போதும் சிறந்தது என்று கண்மூடிச் சொல்லிவிடவும் இயலாது. பிரித்தானியச் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளில் எறியும் ஆடையால் ஏறக்குறைய 550 கிலோ கரிவளியும், துணி ஆடையால் 570 கிலோவும் வெளிப்படுவதாகக் கணக்கிட்டனர். கொதிநீரில் துவைத்து மின்னியந்திரத்தில் உலர்த்தினால் துணியின் பயன் போய்விடுகிறது. இயந்திரம் நிறையத் துணியிட்டுத் துவைத்து, வெளியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் சுமை 40 விழுக்காடு குறையும் என்றும் அதே ஆய்வு காட்டியது. நமக்கோ கதிரவன் கூலியின்றி உலர்த்தித் தருகிறான். தம்பிக்கும் தங்கைக்கும் துணியை எடுத்து வைக்கும் வழக்கமும் நம்முடையதே. தண்ணீர் மட்டும் நமக்கு அரிது. குழாயில் நீர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் வீட்டில், பனியன் ஆலைப் பணி முடித்து இரவு எட்டு மணிக்குத் திரும்பும் தாயிடம், துணியைத் துவைத்தே ஆகவேண்டும் என்று நாம் சொல்லத் துணியோம்.

கடைசியாகத் தொடும் கை

இதுவரை குழந்தையையும் தாயையும் பற்றிப் பேசினோம். இனி, பொட்டலத்தின் மேல் படமாக அச்சிடப்படாத ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும்.

எறிந்த ஆடை மறைந்துவிடுவதில்லை. அதிலுள்ள மரக்கூழ் மட்கும். மேற்படலமும் அடிப்படலமும் நெகிழியாதலால் மட்கா. மணிப்பொடியும் எளிதில் சிதையாது. மலத்தோடு சுருட்டி, காய்கறித் தோலோடு சேர்த்துப் பையில் கட்டிவிட்டால், அப்பை காலையில் தூய்மைப் பணியாளர் கைக்குச் செல்கிறது. மட்கும் குப்பையையும் மட்காததையும் நாம் பிரிக்காத இடத்தில், அவர் பையைத் திறந்து தம் கையால் பிரிக்கிறார். பிரிக்கப்படாதது வெள்ளலூர்க் கிடங்கு போன்ற இடங்களுக்குச் சென்று குவிகிறது. தோட்டத்து மூலையில் கொளுத்தினால் நச்சுப் புகை. கழிப்பறையில் இட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும். வாய்க்காலில் வீசினால் அடுத்த ஊரின் நீரில் மிதக்கும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், இவ்வாடைகளைப் பத்திரமாகச் சுற்றிக் கொடுக்கும் கடமையை வீட்டார்க்கும், சுற்றுவதற்கான உறையைப் பொட்டலத்தோடு தரும் கடமையை உற்பத்தியாளர்க்கும் விதித்தன. அதற்கு முன்பே, 2013-இல், புனே நகரில் குப்பை சேகரிக்கும் பெண்களின் கூட்டுறவு அமைப்பான ‘ஸ்வச்’, பயன்படுத்தி எறியப்பட்ட ஆடைகளை மூட்டையாகக் கட்டி, அவற்றைச் செய்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பியது. ‘இதனை நாங்கள் நாள்தோறும் கையால் தொடுகிறோம், நீங்கள் ஒரு முறை பாருங்கள்’ என்பதே அம்மூட்டையின் பொருள். பின்னர் அவர்கள், தாளில் சுற்றிய அத்தகைய கழிவின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி இடுமாறு வீட்டாரை வேண்டினர். புள்ளியைக் கண்டால் திறக்கவேண்டியதில்லை. செலவில்லாத, ஆயினும் மனிதரை மதிக்கும் வழி அது.

மறுபயன்பாட்டுக்கும் வழி காண்கின்றனர். ஜப்பான் நாட்டின் சிபுஷி நகரில், பயன்படுத்திய ஆடைகளைத் தனியே திரட்டிக் கழுவி, ஓசோன் வளியால் தூய்மை செய்து, கூழை மீட்டெடுக்கும் முயற்சியை யூனிசார்ம் நிறுவனம் மேற்கொண்டது. ஆனால் அங்கும் முதற்படி, வீட்டார் பிரித்துக் கொடுத்ததே.

ஆகவே ஓர் அணையாடை சிறந்ததா என்று அறிய, அது எவ்வளவு நீரைக் குடிக்கும் என்னும் கேள்வி போதாது. குழந்தையின் தோல், தாயின் பணப்பை, பணியாளரின் கை ஆகிய மூன்றுக்கும் தீங்கின்றி அமைந்ததே நல்ல வடிவமைப்பு. முதலிரண்டுக்காகவும் உலகம் பல ஆண்டுகளாக உழைத்துள்ளது. மூன்றாவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றே விட்டுவிட்டது.

நம் வீட்டில் செய்யத்தக்கவை

சிலவற்றை இன்றே தொடங்கலாம். பகற்பொழுதில் வீட்டிலிருக்கும்போது துணியும், இரவிலும் பயணத்திலும் எறியும் ஆடையும் என வகுத்துக்கொண்டால், செலவில் பாதி குறையும். நாளில் சிறிது நேரமாவது குழந்தையை ஆடையின்றிக் காற்றாட விடுக. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, மலம் பட்டிருந்தால் அக்கணமே மாற்றுக. தடிப்பு இரண்டு மூன்று நாட்களில் ஆறாவிடில், அது பூஞ்சையாலும் இருக்கலாம். கை வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுக. எறியுமுன் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, ஆடையைச் சுருட்டி, செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்து, பிற குப்பையோடு கலவாமல் தனியே கொடுத்திடுக. அப்புள்ளி எதற்கென்று நம் தெருவுக்கு வரும் பணியாளரிடமும் ஒரு சொல் சொல்லிவைத்திடுக.

மாதர் சங்கத்தார் ஒரு ஞாயிறு மாலையில் மேற்சொன்ன உப்புநீர்ச் சோதனையை அனைவர் முன்னும் செய்து காட்டலாம். பொறியியல், ஜவுளித் தொழில்நுட்பம் பயிலும் நம் பிள்ளைகள், படிப்பின் இறுதியாண்டில் செய்யவேண்டிய ஆய்வுக்குப் பொருள் தேடி அலைகின்றனர். இதோ பொருள்: கொங்கு நாட்டு வெயிலைத் தாங்குவதும், கூலிக் குடும்பம் வாங்கத்தக்கதும், குப்பை வண்டியில் யாரையும் அருவருக்கச் செய்யாததுமான ஓர் அணையாடை. பஞ்சும் நூலும் பட்டறையும் ஆய்வகமும் அருகிலேயே உள்ளன. மாதிரி செய்தபின் தாய்மாரிடம் கொடுத்துக் கேட்கட்டும். அவர்கள் முகத்துக்காகச் சொல்லும் புகழ்ச்சியை நம்பாமல் மறுபடியும் கேட்கட்டும். அடுத்து, காலையில் தெருமுனைக்கு வரும் தூய்மைப் பணியாளரிடமும் அதே மாதிரியைக் காட்டி, ‘அம்மா, இது உங்களுக்குச் சரிப்படுமா?’ என்று கேட்கட்டும்.

அவர் சொல்லும் விடையையும் ஏற்றுத் திருத்திய ஆடையே நம் குழந்தைகளுக்கு ஏற்ற ஆடை.